ரிஃப்ளெக்டிவ் வினைலில் ஈகோ சால்வென்ட் பிரிண்டிங்: ரோல் வாங்குவதிலிருந்து ஒட்டி முடிப்பது வரை

ரிஃப்ளெக்டிவ் வினைல் என்பது, தன்மேல் படும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் ஒட்டு ஷீட். நான் முதன்முதலில் அடித்த ரிஃப்ளெக்டிவ் வேலை ஒரு சர்வீஸ் வேனின் பக்கவாட்டுப் பட்டை. அடர் நீலப் பின்னணி, அதன்மேல் வெள்ளை எழுத்து. சாதாரண வினைலுக்கு வைத்திருந்த செட்டிங்கிலேயே ஓட்டிவிட்டேன். பகலில் பார்க்க நன்றாகவே இருந்தது. வண்டிக்காரரும் திருப்தியாக எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ராத்திரி அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் எழுத்துகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின, பட்டையைக் காணோம். அந்தப் பட்டை இருட்டில் மின்ன வேண்டும் என்றுதான் அவர் ரிஃப்ளெக்டிவே கேட்டிருந்தார்.

மெஷினில் கோளாறு இல்லை, மையிலும் இல்லை. ரிஃப்ளெக்டிவ் என்றால் கொஞ்சம் தடிமனான, கொஞ்சம் பளபளப்பான வினைல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு.

இந்த வேலையில் மற்றதையெல்லாம் தீர்மானிப்பது ஒரே விஷயம்: வெளிச்சம் மையை இரண்டு முறை கடக்கிறது. ஹெட்லைட்டிலிருந்து வரும் ஒளி முதலில் மைப்படலத்தைத் தாண்டி உள்ளே போகிறது, அடியில் இருக்கும் பிரதிபலிப்பு அடுக்கில் பட்டுத் திரும்புகிறது, வெளியே வர மறுபடியும் அதே மைப்படலத்தைத் தாண்டுகிறது. மை பாதி வெளிச்சத்தை விடுமானால் திரும்பி வருவது கால் பங்கு. 30 சதவீதத்தை விடுமானால் வருவது வெறும் 9 சதவீதம். அடர் நீலம் ஏன் காணாமல் போனது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

தொழிற்சாலையிலேயே நிறம் சேர்த்து வரும் ஷீட்டிலும் கதை இதுதான். தரநிலை அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன், ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கான டி4956 தரநிலையில் முதல் வகை ஷீட்டுக்கு, 0.2 டிகிரி பார்வைக் கோணத்தில் (விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே ஷீட்டில் உண்டாகும் கோணம்), வெள்ளைக்கு குறைந்தபட்சம் 70 இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு லக்ஸ் வெளிச்சம் விழும்போது ஒரு சதுர மீட்டர் திருப்பி அனுப்பும் கேண்டெலா அளவு அது. அதே கோணத்தில் மஞ்சளுக்கு 50, சிவப்புக்கு 14, பச்சைக்கு 9, நீலத்துக்கு வெறும் 4. இந்த ஐந்து எண்களையும் எழுதி டிசைன் செய்பவர் மேஜையில் ஒட்டிவையுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 1: சரியான ரோலைத் தேர்ந்தெடுத்தல்

ரிஃப்ளெக்டிவ் ஷீட் உள்ளே இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று கண்ணாடி மணி வகை. மயிரிழையை விட மெல்லிய கண்ணாடி மணிகள் ஒரு தெளிவான பிளாஸ்டிக் அடுக்குக்குள் புதைந்திருக்கும், அவற்றுக்குப் பின்னால் அலுமினியப் பூச்சு. மணி லென்ஸாக நின்று ஒளியைக் குவிக்கிறது, அலுமினியம் திருப்பி அனுப்புகிறது. எஞ்சினியரிங் கிரேடு என்று கடைகளில் கேட்கும் ரோல் பெரும்பாலும் இதுதான். வழவழப்பான மேற்பரப்பு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி மின்னும், பிரிண்ட் செய்யத் தோதானது.

இன்னொன்று பிரிஸம் வகை. கண்ணாடி மணிக்குப் பதில் கனசதுரத்தின் மூலையைப் போன்ற குட்டிக் குட்டி வடிவங்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்களில் ஒளி பட்டுத் தெறித்து, வந்த திசைக்கே திரும்பும். 1969-இல் அப்பல்லோ 11 சந்திரனில் வைத்துவிட்டு வந்த லேசர் பிரதிபலிப்பானில் இருக்கும் 100 கண்ணாடித் துண்டுகளும் இதே தத்துவம்தான். பிரிஸம் ஷீட் மணி வகையை விடப் பல மடங்கு பிரகாசமானது. ஆனால் பகலில் அதன் மேல் தேன்கூடு போன்ற கட்டங்களோ கோடுகளோ தெரியும், விறைப்பாக இருக்கும், திசைக்கு ஏற்ப பிரகாசமும் மாறும்.

வண்டி, கடைப் பலகை, ஸ்டிக்கர் போன்ற வழக்கமான வேலைக்கு மணி வகையே போதும் என்பது என் எண்ணம். பிரிஸத்தை நெடுந்தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாலைக் குறியீட்டுப் பலகை கேட்டால் நிதானிக்க வேண்டும். அதில் ஷீட், மை, மேல் லேமினேட் (மையைக் காக்க மேலே ஒட்டும் தெளிவான படலம்) மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துவதாக அங்கீகரிக்கப்பட்ட தொகுப்பாக இருந்தால்தான் உத்தரவாதம் கிடைக்கும். நம் கையில் இருக்கும் மையை வைத்து அடித்துக் கொடுக்கக் கூடாது.

வாங்கும் முன் டேட்டா ஷீட்டில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, ஈகோ சால்வென்ட் மைக்கு ஏற்றது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா? ஈகோ சால்வென்ட் மையில் இருப்பது பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகைக் கரைப்பான்கள். மெதுவாக ஆவியாகும், பிவிசி மேற்பரப்பைச் சற்றே இளக்கி நிறமியைக் கடித்துப் பிடிக்க வைக்கும். மேலடுக்கு பிவிசியாக இருந்தால் நிம்மதி. வேறு பிளாஸ்டிக்காக இருந்து, பிரிண்டுக்கான பூச்சும் இல்லை என்றால் மை மேலேயே குட்டை கட்டி நிற்கும், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். வெட்டி ஒட்டும் எழுத்துக்காக மட்டும் செய்யப்பட்ட ரிஃப்ளெக்டிவ் ரோல்களும் சந்தையில் நிறைய உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது, ஷீட்டின் ஆயுள். 7 ஆண்டு என்று போட்டிருந்தால் அது ஷீட்டுக்கு மட்டும். மைக்கு, லேமினேட் இல்லாமல் வெளியில் 3 ஆண்டு வரை என்று சொல்வதுதான் வழக்கம். வாடிக்கையாளரிடம் பேசும்போது சின்ன எண்ணையே சொல்லுங்கள். மூன்றாவது, எவ்வளவு வளைவுக்குத் தாங்கும் என்பது. தட்டையான பரப்புக்கான ரோலைக் கொண்டுபோய் ரிவெட்டும் பள்ளமும் உள்ள வண்டியில் ஒட்டினால், ஒரு வாரத்தில் ஓரங்கள் எழுந்து நிற்கும்.

துணியில் தைக்கும், தடவினால் நெருநெருவென்று இருக்கும் வெள்ளி நாடா இந்தக் கணக்கில் வராது. அதில் மணிகள் வெளியே திறந்திருக்கும், அவற்றுக்கு முன்னால் காற்று இருந்தால்தான் ஒளி சரியாகக் குவியும். மேலே மையோ லேமினேட்டோ ஏறினால் பிரகாசம் செத்துவிடும்.

ஒரு வண்டிக்கோ ஒரு பலகைத் தொகுப்புக்கோ தேவையான முழு நீளத்தையும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) வாங்குங்கள். இரண்டு லாட்டுக்கு நடுவே பகலில் தெரியாத வித்தியாசம் இரவில் பளிச்சென்று தெரியும்.

படி 2: டிசைனை இரவுக்காகச் செய்தல்

மேலே சொன்ன வேன் வேலையை எப்படிச் சரிசெய்தேன் என்றால், நீலத்தை இளக்கினேன். மெஜந்தாவையும் கருப்பையும் முழுக்க எடுத்துவிட்டு சியானை மட்டும் வைத்தேன். பகலில் ஆழ்நீலம் போய் வான்நீலமானது. வண்டிக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கடைக்குள் விளக்கை அணைத்து டார்ச் அடித்துக் காட்டியதும் சரி என்றார்.

சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் ஒளி ஊடுருவும் மைகள். அவற்றின் வழியாக ஒளி போய்வரும், அதனால் இரவிலும் நிறம் தெரியும். கருப்பு அப்படியல்ல. அதிலிருக்கும் கரி நிறமி ஒளியை விழுங்கிவிடும். வெள்ளை மையும் ஒளியை உள்ளே விடாது. மெஷினில் வெள்ளை இருந்தாலும் இந்த ரோலில் அதைத் தொடாதீர்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் ஷீட்டையே வெறுமையாக விட வேண்டும். ஒன்றுக்கு மேல் மை கலந்தால், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒளியைப் பிடித்துக்கொள்ளும். ஊதா, மெரூன், அடர் பச்சை, பழுப்பு நான்கும் ராத்திரியில் ஏறக்குறைய கருப்புதான்.

ஆகவே டிசைன் செய்பவர் கேட்க வேண்டியது, எது மின்ன வேண்டும், எது இருட்டாக நிற்க வேண்டும் என்பதுதான். இரவில் படிக்க எளிதாக இருப்பது வெறும் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து, அல்லது மஞ்சளில் கருப்பு. சிவப்பும் பரவாயில்லை. வெள்ளையில் மஞ்சள் எழுத்து பகலில் ஏதோ சமாளிக்கும், ராத்திரியில் இரண்டும் ஒரே ஒளியாகிக் கலந்துவிடும்.

பிரகாசம் ஓரத்தில் வழியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மின்னும் பரப்பு கண்ணுக்குத் தன் அளவை விடப் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் இருக்கும் கருப்பைத் தின்னும். அதனால் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தைச் சற்றுத் தடிமனாகவும், இருண்ட பின்னணியில் மின்னும் எழுத்தைச் சற்று மெல்லியதாகவும், இரண்டிலுமே எழுத்துகளுக்கு இடையே தாராள இடைவெளியோடும் வையுங்கள். தமிழ் எழுத்தில் இது இன்னும் முக்கியம். 'ணை', 'ஞ', 'ஜ' போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் குட்டி வெளிகள் இரவில் முதலில் அடைபடும். அகலமான, சுழி திறந்த எழுத்துருவாகப் பாருங்கள்.

கருப்புக்கு ஒரு சிறு குறிப்பு. தனிக் கருப்பை மட்டும் ஒற்றை அடுக்காக அடித்தால், டார்ச் ஒளியில் அது சாம்பலாக வெளுத்துத் தெரியலாம். 100 சதவீதக் கருப்போடு 40 சதவீத சியான் சேர்த்துப் பாருங்கள். நான்கு மையையும் அள்ளிப்போட்டுச் செய்யும் கருப்பு வேண்டாம், அது காயாது.

வண்டியின் முன்பக்கம், பின்பக்கம் எந்த நிற ரிஃப்ளெக்டிவ் வரலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் சட்டம் உண்டு. அவசர ஊர்திகளின் நிறங்களையும் கட்டங்களையும் பிறர் பயன்படுத்தத் தடை இருக்கும். வேலை எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 3: மெஷினில் ஏற்றுதல்

ரோலை அடிக்கும் அறைக்கு முந்தின நாளே கொண்டுவந்து வையுங்கள். குளிர்ந்த ரோல் ஹீட்டரில் பட்டதும் அலை அலையாக எழும்.

கையுறை போடுங்கள். விரல் ரேகையின் எண்ணெய்ப்பிசுக்கு பட்ட இடத்தில் மை சுருங்கி நிற்கும். மேற்பரப்பைப் பஞ்சு நூல் உதிராத துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைப்பதாக இருந்தால் முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்; சில பூச்சுகள் மங்கிப்போகும்.

இந்த ரோல் கனமானது, தடிமனும் விறைப்பும் அதிகம். ஆகவே மை தெளிக்கும் ஹெட்டின் உயரத்தை ஒரு படி ஏற்றுங்கள். ஓரம் சற்றே தூக்கினாலும் ஹெட் அதன்மேல் உரசும், ஒரு உரசலில் நாசில்கள் (மை வரும் துளைகள்) போய்விடும். உயரம் ஏறினால் மைத்துளி கொஞ்சம் சிதறும். அதற்கு ஒரு திசையில் மட்டும் அடிக்கும் முறையை வைத்துக்கொண்டால் எழுத்து ஓரங்கள் கூர்மையாகவே வரும்.

ஷீட்டைப் பிடித்து நகர்த்தும் பிஞ்ச் ரோலர்கள் அழுத்திப் போன தடம் சில ஷீட்டுகளில் இரவு ஒளியில் கோடாகத் தெரியும். நடு ரோலர்களின் அழுத்தத்தைக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் முக்கியமான படம் அந்தத் தடத்தில் வராதபடி வேலையை அடுக்குங்கள்.

பிரிண்டர் ரோலின் அகலத்தைக் கண்டுபிடிக்காமல் பிழை காட்டினால் பதறாதீர்கள். அகலத்தைத் தேடும் சென்சார் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்த்து வேலை செய்வது. ரிஃப்ளெக்டிவ் மேல் அது குழம்புவது இயல்புதான். அகலக் கண்டறிதலை அணைத்துவிட்டு, அளவைக் கையால் கொடுங்கள்.

அடுத்தது ஃபீட் அளவுத் திருத்தம், அதாவது ஒவ்வொரு முறையும் ரோல் முன்னே நகரும் அளவைச் சரிசெய்வது. கனமான ரோல் ஒவ்வொரு நகர்விலும் கொஞ்சம் பின்தங்கும், அதனால் குறுக்குக் கோடுகள் விழும். ரோலைக் கொஞ்சம் முன்னாடியே தளர்த்தித் தொங்கவிட்டு, இழுவை இல்லாமல் திருத்தம் செய்யுங்கள். சாதாரண வினைலில் கண்ணுக்குத் தப்பும் கோடு இங்கே தப்பாது.

படி 4: சூடும் மையின் அளவும்

சூட்டுக்கு நான் தொடங்கும் இடம்: பிரிண்ட் ஹீட்டர் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ், பின் உலர்த்தி 45 முதல் 50. ரோல் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. மை திட்டுத் திட்டாகக் கூடினால் இரண்டு டிகிரி ஏற்றுங்கள். ஷீட் ஹெட்டுக்குக் கீழே வீங்கி எழுந்தால் இரண்டு டிகிரி இறக்குங்கள். சூடு ஏறிய மெஷினில் ரோலை நிறுத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஹீட்டருக்கு மேல் இருந்த பகுதி மட்டும் நெளிந்து, திரும்பி வந்து ஓட்டும்போது ஹெட்டில் முட்டும்.

மையின் மொத்த அளவுதான் இந்தப் படியின் உயிர்நாடி. பிவிசிக்கு உள்ளே கரைப்பான் இறங்கி ஆவியாக வேண்டும். ரிஃப்ளெக்டிவில் அதற்குக் கீழே மணியும் அலுமினியமும் இருப்பதால் உள்ளே போன கரைப்பானுக்குக் கீழே வழியில்லை, மேலே மட்டுமே வெளியேற முடியும். நான்கு மைகளின் சதவீதத்தையும் கூட்டினால் வரும் மொத்தத்தில், சாதாரண வினைலில் 300 சதவீதம் விட்டுப் பழகியவர்கள் இங்கே 220 முதல் 250 சதவீதத்தில் நிறுத்துங்கள். மை குறைந்தால் சீக்கிரம் காயும். ஒளியும் கூடுதலாகத் திரும்பி வரும்.

நிறப் புரொஃபைல் (எந்த நிறத்துக்கு எவ்வளவு மை என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. நிறம் அளக்கும் கருவிகள் பெரும்பாலும் 45 டிகிரியில் ஒளியை அடித்து நேர் மேலேயிருந்து படிக்கும். ரிஃப்ளெக்டிவோ வந்த ஒளியை வந்த திசைக்கே அனுப்புவது. அதனால் வெறும் வெள்ளை ஷீட் கருவிக்கு மங்கலான சாம்பலாகத் தெரியும். அந்தச் சாம்பலை ஈடுகட்டப் போய் மென்பொருள் நிறங்களை விநோதமாக மாற்றிவிடும். ரோல் தயாரிப்பாளர் கொடுத்த புரொஃபைல் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் உங்களிடம் இருக்கும் பளபளப்பு வினைல் புரொஃபைலை நகலெடுத்து, மை அளவைக் குறைத்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். பகலில் நிறங்கள் ஒரு சாயல் மங்கித்தான் இருக்கும். அடித்தளமே சாம்பல் கலந்த வெள்ளை. லோகோவின் நிறம் அச்சு அசலாக வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, 720-க்கு 1440 டிபிஐ, அதிக பாஸ் (ஒரே இடத்தின் மேல் ஹெட் ஓடும் தடவைகள்), ஒரு திசை. மெதுவாகத்தான் போகும். மெதுவாகப் போவதே ஒவ்வொரு அடுக்கும் காய அவகாசம் தருகிறது.

படி 5: இருட்டில் சோதனை

முழு வேலையை ஓட்டும் முன் ஒரு கை அகல சோதனைத் துண்டு அடியுங்கள். அதில் வேலையில் வரும் எல்லா நிறமும், ஒவ்வொன்றின் 100, 75, 50 சதவீதக் கட்டங்களும், மிகச் சிறிய எழுத்து ஒரு வரியும் இருக்கட்டும்.

பலர் சோதிக்கும் விதமே தவறு. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே இருக்கும் டியூப்லைட்டில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். அது காட்டுவது பளபளப்பை. ரிஃப்ளெக்டிவ் ஒளியை விளக்குக்கே திருப்பி அனுப்புகிறது, ஆகவே கண் விளக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். துண்டை ஒரு சுவரில் ஒட்டி, அறையை இருட்டாக்கி, 10 மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். டார்ச்சைப் புருவத்துக்குப் பக்கத்தில், கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். அந்தத் தூரத்தில் 0.2 டிகிரி என்பது கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவே வெறும் மூன்றரை சென்டிமீட்டர். இப்போது டார்ச்சை மெதுவாக இடுப்புக்கு இறக்கிப் பாருங்கள். தகதகவென்று எரிந்த துண்டு விளக்கை அணைத்தது போல மங்கிவிடும். ஒருமுறை இதைச் செய்து பார்த்தவருக்கு ரிஃப்ளெக்டிவ் என்றால் என்னவென்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொபைல் போனில் பிளாஷும் லென்ஸும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் பிளாஷ் போட்ட போட்டோ நல்ல சாட்சி. அதையே வாடிக்கையாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள், பகல் போட்டோவோடு சேர்த்து.

படி 6: காய விடுதல்

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற குறைந்தது 24 மணி நேரம், மை அதிகம் உள்ள வேலைக்கு 48 மணி நேரம் விடுங்கள். இறுக்கிச் சுருட்டி வைத்தால் கரைப்பான் எங்கே போகும்? தளர்வாகச் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள், அல்லது கொடியில் துணி போலத் தொங்கவிடுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் வாசனை வருகிறதா? இன்னும் காயவில்லை.

அவசரப்பட்டு லேமினேட் போட்டால் சிக்கிய கரைப்பான் பசையை இளக்கும். ஒட்டிய இடத்தில் ஓரங்கள் சுருளும், லேமினேட்டுக்குக் கீழே வெள்ளிப் புள்ளிகள் தெரியும்.

படி 7: லேமினேட்

வெளியில் நிற்கும் வேலை என்றால் லேமினேட் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான, தெளிவான, அழுத்தி ஒட்டும் பிவிசி லேமினேட்டாக இருக்கட்டும். மேட் லேமினேட் ஒளியைச் சிதறடிக்கும், பிரகாசம் கண்கூடாகக் குறையும். பகலில் கண்கூசாமல் மேட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டையும் டார்ச்சில் காட்டிவிடுங்கள், அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

ரோலர் அழுத்தம் சீராக இருக்கட்டும், லேமினேட்டை இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்து ஒட்டிய லேமினேட் சுருங்கப் பார்க்கும், கனமான ஷீட்டைத் தன்னோடு சேர்த்துச் சுருட்டும்.

படி 8: வெட்டுதல்

கண்ணாடி மணி பிளேடைத் தின்னும். 60 டிகிரி பிளேடு ஒன்றை ரிஃப்ளெக்டிவுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாதாரண வினைலுக்குப் போட்டால் ஓரம் பிசிறடிக்கும். அழுத்தத்தை ஏற்றி, வேகத்தை இறக்கி, ஓரத்தில் ஒரு சிறு சதுரம் வெட்டிப் பாருங்கள். ஷீட் வெட்டுப்பட்டு லைனரில் (பின்பக்கத் தாளில்) லேசான கீறல் மட்டும் விழுந்தால் அளவு சரி. ஒரே அடியில் வெட்ட அழுத்துவதை விட, இரண்டு முறை ஓடவிடுவது நல்லது.

பிரிண்ட் செய்து சுற்றி வெட்டும் வேலையில் எல்லோரும் ஒருநாள் முட்டி நிற்கும் இடம் பதிவுக்குறிகள், அதாவது எங்கே வெட்ட வேண்டும் என்று கட்டருக்குக் காட்ட அச்சோடு சேர்த்து அடிக்கும் குறிகள். கட்டரின் கண் தன் ஒளியை அடித்துக் கருப்புக் குறியைத் தேடும், சுற்றிலும் ரிஃப்ளெக்டிவ் அந்த ஒளியை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். குறி கிடைக்கவில்லை என்று மெஷின் நின்றுவிடும். நான் ஒருநாள் மதியம் முழுக்க சென்சார் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். தீர்வு எளியது: ஒவ்வொரு குறியின் மேலும் ஒரு துண்டு மங்கலான ஒளிபுகும் டேப்பை, எழுதினால் எழுதும் வகை மேட் டேப்பை, ஒட்டுங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் குறிகளைக் கையால் காட்டும் முறையில் வெட்டுங்கள்.

மூலைகளைக் கூராக விடாமல் கொஞ்சம் வளைத்து வெட்டினால் எழாது. முடிந்தவரை மையை வெட்டு ஓரம் வரை கொண்டுபோகாமல் சில மில்லிமீட்டர் உள்ளே நிறுத்துங்கள். மை ஊறிய ஓரம்தான் முதலில் சுருள்வது. சின்ன எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி எடுக்க ஆசைப்படாதீர்கள், தடிமனான ஷீட் பிரித்தெடுக்கும்போது கிழியும். அவற்றை ஒரு பின்னணியோடு சேர்த்துப் பிரிண்டாகவே கொடுங்கள்.

படி 9: ஒட்டுதல்

பரப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஆல்கஹாலில் துடைத்து, அது ஆவியாகும் முன் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். தண்ணீர் தெளித்து ஒட்டும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வெட்டு ஓரத்தில் அலுமினிய அடுக்கு திறந்துதான் இருக்கிறது. ஈரம் அங்கே ஊறினால் நாளடைவில் ஓரத்திலிருந்து கருத்துக்கொண்டு வரும். கடற்காற்றோ அடிக்கடி கழுவலோ படும் வேலைக்கு ஓரங்களில் எட்ஜ் சீலர் (ஓரத்தை அடைக்கும் திரவம்) தடவுவது பயன் தரும்.

நடுவில் டேப்பால் கட்டி, ஒரு பாதி லைனரை உரித்து, ஃபெல்ட் சுற்றிய ஸ்குவீஜியால் (தேய்க்கும் தகட்டால்) நடுவிலிருந்து வெளிநோக்கித் தேயுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் மேல் பாதி ஏற வேண்டும். ஷீட்டை இழுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் அலுமினியம் வெடித்து, பகலில் ஒன்றும் தெரியாமல் இரவில் மட்டும் கருங்கோடுகளாகத் தெரியும். ஹீட் கன் பிடிப்பதானால் கை தாங்கும் சூடு வரை மட்டுமே. ரிவெட்டைச் சுற்றி வெட்டி எடுத்துவிடுங்கள், கதவு இடுக்கின் மேல் பாலம் போட்டது போல ஒட்டாமல் இடுக்கில் வெட்டி, இருபுறமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்வாங்கி விடுங்கள்.

பிரிஸம் ஷீட்டாக இருந்தால் எல்லாத் துண்டும் ரோலில் இருந்த அதே திசையில் இருக்க வேண்டும். துணியை மிச்சப்படுத்தும் தையல்காரரைப் போல ஒரு துண்டைக் குறுக்கே திருப்பி வெட்டினால், இரவில் பக்கத்துத் துண்டு எரிய, அது மட்டும் அவிந்து நிற்கும். ஒவ்வொரு துண்டின் லைனரிலும் ரோல் ஓடிய திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிடுவது என் வழக்கம்.

பசை முழுப் பிடிப்புக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம், அப்புறமும் உயரழுத்த நீர்ப் பீச்சியை ஓரத்துக்கு நேராகக் காட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அன்று இரவே 10 மீட்டர் தள்ளி நின்று பிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நீட்டிய இடமும் பிஞ்ச் ரோலர் தடமும் திசை மாறிய துண்டும் அதில்தான் அகப்படும், பகல் வெளிச்சத்தில் எதுவும் அகப்படாது.

அந்தப் போட்டோவை வேலைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். சீட்டில் லாட் எண், மை அளவு, ஹீட்டர் சூடு, லேமினேட் பெயர் எல்லாம் இருக்கட்டும், கூடவே ஒரு முழம் மிச்சத் துண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு கதவு மட்டும் அடிவாங்கி வந்து நிற்கும்போது, முதலில் தேடப்போவது அந்தத் துண்டைத்தான்.